ஃபேன் மேட் போக்கிமான் கேம்கள்: டீம் அமைப்பும் சண்டை உத்தியும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரிபார்ன், ரிஜுவனேஷன், ரேடிகல் ரெட், அன்பவுண்ட், யுரேனியம், இன்ஃபினிட் ஃப்யூஷன் என்று ரசிகர்களே உருவாக்கிய போக்கிமான் கேம்களில் இறங்குபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். ஒரிஜினல் கேம் ஒன்றையாவது முடித்திருக்கிறீர்கள், டைப் சார்ட் ஓரளவு தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதியது.

ஒரிஜினல் கேம்களை அலட்டிக்கொள்ளாமல் முடித்தேன். ஃபேன் கேமில் முதல் ஜிம்மிலேயே ஏன் மண்ணைக் கவ்வுகிறேன்?

ஒரிஜினல் கேம்கள் சின்னப் பிள்ளைகளும் முடிக்கும்படி செய்தவை. ஸ்டார்ட்டரை மட்டும் வளர்த்து எதிராளியைவிடப் பத்து லெவல் மேலே போய்விட்டால் போதும், டைப்கூடப் பார்க்க வேண்டாம். ஃபேன் கேம்களை உருவாக்குபவர்கள் அதையெல்லாம் ஆடிச் சலித்தவர்கள். அந்தப் பருப்பு இங்கே வேகக் கூடாது என்பதற்காக முதல் வேலையாக லெவல் கேப் வைத்துவிடுகிறார்கள். ரிபார்னில் கையில் இருக்கும் பேட்ஜுக்கு உரிய லெவலைத் தாண்டினால் போக்கிமான் சொன்ன பேச்சைக் கேட்காது. தெரியாமல் தாண்டிவிட்டால் லெவலைக் குறைக்கவே காமன் கேண்டி என்று ஒரு ஐட்டம் வைத்திருக்கிறார்கள். ரேடிகல் ரெட்டில் கேப்பைத் தொட்டதும் எக்ஸ்பீரியன்ஸ் ஏறுவதே நின்றுவிடும்.

லெவல் சமமானதும் எதிராளியின் டீம் உண்மையிலேயே கடிக்க ஆரம்பிக்கும். ஜிம் லீடர் கையில் ஆளுக்கு ஒரு ஐட்டம் இருக்கும், நான்கு மூவும் யோசித்து வைத்தவையாக இருக்கும், அவருடைய டைப்பின் பலவீனத்துக்குப் பதில் சொல்ல ஒருவர் காத்திருப்பார். எலக்ட்ரிக் ஜிம் என்று கிரவுண்ட் டைப்பை மட்டும் கூட்டிக்கொண்டு போனால் அங்கே ஒரு கிராஸ் மூவ் தயாராக இருக்கும்.

எல்லா ஃபேன் கேம்களுக்கும் விதிகள் ஒன்றுதானா?

இல்லை. ஆட்டத்தைத் தொடங்குமுன் பார்க்க வேண்டியதே இதைத்தான். ரேடிகல் ரெட், அன்பவுண்ட் இரண்டும் 2004-இல் வந்த ஃபயர்ரெட்டின் மேல் கட்டியவை. ரிபார்ன், இன்சர்ஜன்ஸ், யுரேனியம் போன்றவை ஆர்பிஜி மேக்கர் எக்ஸ்பி-யில் செய்தவை. எதன் மேல் கட்டினாலும், எந்தத் தலைமுறையின் விதியை எடுத்துக்கொண்டார்கள் என்பதுதான் உங்களுக்கு முக்கியம்.

முதலில் ஃபிஸிக்கல், ஸ்பெஷல் பிரிவு. 2006-இல் வந்த டைமண்ட், பேர்ல் முதல் ஒவ்வொரு மூவுக்கும் அது தனித்தனியாக உண்டு. அதற்கு முன் டைப்பை வைத்தே பிரித்தார்கள். ஸ்னீசலை எடுத்துக்கொள்ளுங்கள்: அட்டாக் 95, ஸ்பெஷல் அட்டாக் வெறும் 35. பழைய விதியில் ஐஸ், டார்க் இரண்டுமே ஸ்பெஷல் என்பதால் பாவம், அதன் சொந்த டைப் மூவ்களே அதற்கு உதவாது. புதிய ஃபேன் கேம்களில் பெரும்பாலும் பிரிவு உண்டு, பழைய ஹேக்குகளில் (ஒரிஜினல் கேமையே மாற்றிச் செய்தவை) இல்லாமல் போகலாம்.

அடுத்தது ஃபேரி டைப். 2013-இல்தான் வந்தது. அதோடு சேர்த்து, ஸ்டீல் டைப் அதுவரை தாங்கிக்கொண்டிருந்த கோஸ்ட், டார்க் மூவ்களைத் தாங்கும் தன்மையை இழந்தது. பாராலிசிஸ் பழைய விதியில் ஸ்பீடை நான்கில் ஒன்றாக்கும், ஏழாம் தலைமுறையிலிருந்து பாதியாக மட்டும். கிரிட்டிகல் அடி முன்பு இரண்டு மடங்கு, ஆறாம் தலைமுறையிலிருந்து ஒன்றரை மடங்கு.

இவை போக, கேமுக்கே சொந்தமான புதுமைகளும் உண்டு. யுரேனியத்தில் நியூக்ளியர் என்றொரு டைப் இருக்கிறது. ஏறக்குறைய எல்லா டைப்பையும் பலமாக அடிக்கும், அதே மாதிரி எல்லோரிடமும் பலமாக வாங்கும். அப்படிப்பட்ட டைப் எதிரே வந்தால் தாங்குவதைப் பற்றி யோசிக்காதீர்கள், யார் முந்திக்கொள்கிறார்கள் என்பதுதான் கணக்கு.

ஆறு பேரை எப்படித் தேர்ந்தெடுப்பது?

"கடைசிவரை இதே ஆறு பேர்" என்ற எண்ணத்தை முதலில் விடுங்கள். ஃபேன் கேமில் உங்கள் பாக்ஸ் முழுவதும்தான் டீம். கையில் இருக்கும் ஆறு, அடுத்த சண்டைக்காகக் கிளம்பிய ஆட்கள், அவ்வளவுதான். லெவல் கேப் இருப்பதால் புதிதாக ஒருவரை வளர்த்து மற்றவர்களோடு சேர்ப்பதற்கு நேரம் அதிகம் ஆகாது. பல கேம்களில் ரேர் கேண்டியைத் தாராளமாகக் கொடுத்திருப்பதும் அதற்காகத்தான். வழியில் கிடைப்பதையெல்லாம் பிடித்துப் போடுங்கள். இன்றைக்கு உதவாத போக்கிமான் நாலு ஜிம் தள்ளி ஒரே ஒரு சண்டையை வென்று கொடுக்கும், அதற்குப் பிறகு பாக்ஸிலேயே கிடந்தாலும் பரவாயில்லை.

ஒரு சண்டைக்கான ஆறு பேரை, நான் இரண்டு பேரிலிருந்து தொடங்குவேன். ஒருவரின் பலவீனத்தை மற்றவர் தாங்க வேண்டும். ரோட்டம்-வாஷும் ஃபெரோதார்னும் இதற்கு நல்ல உதாரணம். ரோட்டம்-வாஷ் எலக்ட்ரிக்கும் வாட்டரும் சேர்ந்தது. லெவிடேட் எபிலிட்டி இருப்பதால் கிரவுண்ட் மூவ் படாது. மிச்சமிருக்கும் ஒரே பலவீனம் கிராஸ். ஃபெரோதார்ன் கிராஸ் மூவை நான்கில் ஒரு பங்காகக் குறைத்துவிடும். ஃபெரோதார்னுக்கு ஃபயர் நான்கு மடங்கு, ஃபைட்டிங் இரண்டு மடங்கு. ஃபயரை ரோட்டம் தாங்கும். ஃபைட்டிங்குக்குத்தான் இருவரிடமும் பதில் இல்லை. எனவே மூன்றாவது ஆள் யாரென்று தானாகவே தெரிந்துவிடுகிறது: கோஸ்ட், ஃப்ளையிங், சைக்கிக், ஃபேரி இவற்றில் ஒன்று. இப்படி மூன்று பேர் வந்ததும் மீதி மூவரில் ஒருவர் வேகமாக அடிப்பவர், ஒருவர் செட்அப் செய்து (தன் ஸ்டாட்டை ஏற்றிக்கொண்டு) முடித்துவைப்பவர், கடைசி இடம் அந்த பாஸுக்கென்றே கூட்டிப்போகும் ஆள்.

ரோட்டம் கிடைக்காத கேமிலும் இதே கேள்விதான்: இவர் எதற்குப் பயப்படுகிறார், அதை யார் வாங்கிக்கொள்வார்? ஃபயர், வாட்டர், கிராஸ் மூன்றும் சேர்ந்த பழைய கூட்டணி, டிராகன், ஃபேரி, ஸ்டீல் கூட்டணி இரண்டும் அதே யோசனையில் வந்தவைதான்.

ஸ்டார்ட்டர் எதை எடுப்பது?

பிடித்ததை. முதல் இரண்டு ஜிம்மைத் தாண்டினால் அதுவும் பாக்ஸில் ஒரு ஆள்தான்.

எனக்குப் பிடித்த போக்கிமான் பலவீனமானது. அதை வைத்து ஆட முடியுமா?

ஒருவரை வைத்து ஆடலாம், மற்ற ஐந்து பேர் அதற்காக உழைத்தால். டிரிக் ரூம் போட்டால் போட்ட டர்னையும் சேர்த்து ஐந்து டர்ன்களுக்கு மெதுவானவர் முந்துவார். மழையில் வாட்டர் மூவ் ஒன்றரை மடங்கு வலுக்கும். இப்படி உங்கள் செல்லத்துக்குச் சாதகமான சூழலை மற்றவர்கள் ஏற்படுத்தித் தர வேண்டும். ஆறு பேருமே செல்லங்கள் என்றால் கேமின் ஈஸி மோடைத் தேர்ந்தெடுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, அந்த மோடை வைத்திருப்பதே அதற்காகத்தான்.

நான்கு மூவ்களையும் அடிக்கும் மூவ்களாக வைத்திருக்கிறேன். தவறா?

அடிப்பதையே வேலையாகக் கொண்டவருக்குத் தவறில்லை. ஆனால் நான்கும் ஒரே மாதிரி இருக்கக் கூடாது. சொந்த டைப் மூவுக்கு ஒன்றரை மடங்கு கிடைக்கும். அதைத் தாங்குபவர்களை அடிக்க இன்னொரு டைப் வேண்டும். எலக்ட்ரிக்கும் ஐஸும் சேர்ந்தால் ஏறக்குறைய எல்லோரையும் குறைவில்லாமல் அடிக்கலாம். மேக்னசோன் போல இரண்டையும் தாங்கும் ஆட்கள் வெகு சிலரே.

வலிமை எண்ணை மட்டும் பார்த்து மூவ் தேர்ந்தெடுப்பதுதான் எனக்கு ஒப்பாதது. ஃபோகஸ் பிளாஸ்டின் வலிமை 120, படும் வாய்ப்பு 70 சதவீதம். ஒரு பாஸைச் சாய்க்க அது இரண்டு முறை பட வேண்டும் என்றால் வாய்ப்பு 49 சதவீதம். நாணயத்தைச் சுண்டுவதைவிட மோசம். தாங்கும் வேலையைச் செய்பவருக்கு ஒரு அடி மூவ், ஒரு ரெக்கவரி மூவ், ஒரு ஸ்டேட்டஸ் மூவ் இருந்தால் போதும்.

ஸ்விட்ச் செய்தால் ஒரு டர்ன் வீணாகிறது, புதிதாக வருபவர் சும்மா ஒரு அடியும் வாங்குகிறார். பிறகு எதற்கு ஸ்விட்ச்?

இந்தக் கேள்விக்குப் பதில் பிடிபட்டால் பாதி கேம் பிடிபட்ட மாதிரி. அந்த அடி என்ன அடி என்பது உங்கள் கையில் இருக்கிறது.

உங்கள் முன்னால் ஜிம் லீடரின் கார்ச்சோம்ப். உங்கள் தரப்பில் மேக்னசோன் நிற்கிறது. எலக்ட்ரிக்கும் ஸ்டீலும் சேர்ந்ததால் கிரவுண்ட் மூவ் நான்கு மடங்கு படும். ஏஐ என்ன செய்யும்? எர்த்க்வேக்தான். அதைவிடப் பெரிய அடி அதன் கையில் இல்லை. நீங்கள் அந்த டர்னில் ஸ்கார்மரியை உள்ளே கொண்டுவருகிறீர்கள். ஃப்ளையிங் டைப் என்பதால் எர்த்க்வேக் படவே இல்லை. இப்போது கார்ச்சோம்பின் டிராகன் மூவ் ஸ்கார்மரியிடம் பாதிதான் படும், ராக் மூவ் சாதாரணமாகப் படும், ஃபயர் ஃபேங் இருந்தால் மட்டும் கொஞ்சம் கவலை. அதற்குள் ஸ்கார்மரி ஸ்டெல்த் ராக் (எதிராளி தரப்பில் உள்ளே வருபவரைக் குத்தும் கற்கள்) போட்டுவிடும். அடி வாங்கி விழுந்தாலும் பிரச்சினை இல்லை, அடுத்து மாமோஸ்வைன் வந்து ஐஸ் ஷார்ட் போடலாம். அது முந்திக்கொள்ளும் மூவ். டிராகனும் கிரவுண்டும் சேர்ந்த கார்ச்சோம்புக்கு ஐஸ் நான்கு மடங்கு.

இங்கே மேக்னசோன் ஒரு அடிகூடப் போடவில்லை. எர்த்க்வேக்கை வரவழைத்ததுதான் அதன் வேலை. எதிராளியை ஒரு குறிப்பிட்ட மூவுக்குத் தூண்டி, அது படாத ஆளை உள்ளே இறக்குவது ஃபேன் கேம் பாஸ்களிடம் மிக நன்றாக எடுபடும். ஏனென்றால் பெரும்பாலான ஏஐக்கள் முன்னால் நிற்பவரை வைத்தே கணக்குப் போடும், நீங்கள் அடுத்து யாரைக் கொண்டுவருவீர்கள் என்று யோசிக்காது. மனிதர்களோடு ஆடினால் இதே வித்தை இரண்டாவது தடவை பலிக்காது.

யூ-டர்ன், வோல்ட் ஸ்விட்ச் போல அடித்துவிட்டு வெளியேறும் மூவ்களையும் விடாதீர்கள். மெதுவான ஒருவர் அடி வாங்கிக்கொண்டு பிறகு யூ-டர்ன் போட்டால், உள்ளே வருபவர் ஒரு கீறல் இல்லாமல் வருவார்.

ஏஐ ஏமாற்றுகிறதா? என் மூவ் முன்கூட்டியே தெரிந்த மாதிரி ஆடுகிறதே?

உங்கள் ஹெச்பி, டிஃபென்ஸ், டைப் எல்லாம் அதற்குத் தெரியும். எந்த மூவ் உங்களைச் சாய்க்கும் என்று கணக்குப் போட்டுத்தான் தேர்ந்தெடுக்கிறது. அது ஏமாற்றுவதாகத் தோன்றினால், நீங்களும் டேமேஜ் கால்குலேட்டரைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள், கணக்குச் சமமாகிவிடும். ஒரே மூவின் டேமேஜ் ஒவ்வொரு முறையும் 85 முதல் 100 சதவீதம் வரை மாறும். "போன தடவை சாய்ந்தது, இந்தத் தடவை சாயவில்லை" என்ற புகாரில் பாதி இதனால் வருவது.

ஸ்பீடு எவ்வளவு இருந்தால் போதும்?

எதிராளியைவிட ஒன்று அதிகம் இருந்தால் போதும். அதற்கு மேல் போடும் ஒவ்வொரு புள்ளியும் வேறு எங்கோ போயிருக்க வேண்டியது.

லெவல் 50-இல் கணக்குப் பார்ப்போம். கார்ச்சோம்பின் பேஸ் ஸ்பீடு (அந்த இனத்துக்கே உரிய அடிப்படை எண்) 102. முழு ஈவி (சண்டை போட்டுச் சேர்க்கும் பயிற்சிப் புள்ளி), 31 ஐவி (பிறவியிலேயே வரும் புள்ளி, 31-தான் உச்சம்), ஸ்பீடு கூட்டும் நேச்சர் (குணம்) எல்லாம் இருந்தால் 169 வரும். பேஸ் ஸ்பீடு 80 உள்ள ஒருவர், நேச்சர் உதவி இல்லாமல் முழு ஈவியோடு 132-இல் நிற்பார். கையில் சாய்ஸ் ஸ்கார்ஃப் கொடுத்தால் ஒன்றரை மடங்காகி 198. ஒரே மூவில் மாட்டிக்கொள்வார் என்பது அதற்கான விலை. பாஸின் வேகமான ஆள் யாரென்று முதல் தோல்வியிலேயே தெரிந்துவிடும். அந்த எண்ணைத் தாண்ட ஸ்கார்ஃப் வேண்டுமா, பாராலிசிஸ் தரும் தண்டர் வேவ் வேண்டுமா, இல்லை முந்தவே வேண்டாம், தாங்கினால் போதுமா என்று அங்கிருந்து முடிவு செய்யுங்கள்.

ஈவி, ஐவி, நேச்சர் எல்லாம் கடைசியில் பார்த்துக்கொள்ளலாமா?

ஐவியைத் தள்ளிப் போடலாம், ஈவியைத் தள்ளிப் போடாதீர்கள். லெவல் 100-க்குத்தான் ஈவி என்று பலர் நினைக்கிறார்கள். பேஸ் ஸ்பீடு 80, ஐவி 15 உள்ள ஒருவரை லெவல் 20-இல் பாருங்கள். ஈவி இல்லாமல் ஸ்பீடு 40. ஸ்பீடில் 252 ஈவி போட்டால் 52. இரண்டாவது ஜிம்மிலேயே முப்பது சதவீத வித்தியாசம்! மொத்தம் 510, ஒரு ஸ்டாட்டுக்கு அதிகபட்சம் 252 என்பது வழக்கமான வரம்பு. ஆகவே இரண்டு ஸ்டாட்டை நிரப்பி மீதியை எங்காவது போட்டுவிட்டால் முக்கால்வாசிப் பேருக்குப் போதும். நேச்சர் ஒரு ஸ்டாட்டைப் பத்து சதவீதம் கூட்டி இன்னொன்றைப் பத்து சதவீதம் குறைக்கும். ஸ்பெஷல் அட்டாக்கரிடம் அட்டாக் குறைந்தால் கவலையே இல்லை. சில கேம்களின் கடின மோடில் ஈவியே கிடையாது, அதைப் பார்த்துவிட்டு உழைக்கப் போங்கள்.

ஸ்டெல்த் ராக் கதை மோடில் தேவையா? எதிராளிதான் ஸ்விட்ச்சே செய்வதில்லையே?

தேவை. எதிராளி ஸ்விட்ச் செய்யாவிட்டாலும் ஒவ்வொருவரும் ஒரு முறையாவது உள்ளே வந்துதானே ஆக வேண்டும்? வரும்போதே சாதாரணமாக எட்டில் ஒரு பங்கு ஹெச்பி போகும். சாரிசார்ட், வால்கரோனா போல ராக்குக்கு நான்கு மடங்கு பலவீனமானவர்களுக்குப் பாதியே போய்விடும். அதைவிடப் பெரிய லாபம், ஒரே அடியில் விழாமல் காப்பாற்றும் ஃபோகஸ் சாஷ் ஐட்டமும் ஸ்டர்டி எபிலிட்டியும் முழு ஹெச்பி இருந்தால்தான் வேலை செய்யும். ஒரு ஹெச்பியில் தப்பித்து உங்கள் செட்அப்பைக் கெடுக்கும் பாஸ்களின் திட்டம் வாசலிலேயே முடிந்துவிடும்.

ஸ்டேட்டஸ் மூவ்களில் எது முக்கியம்?

ஃபிஸிக்கலாக அடிப்பவருக்கு பர்ன், வேகமானவருக்கு பாராலிசிஸ், அசையாத சுவருக்கு டாக்ஸிக். பர்ன் ஃபிஸிக்கல் டேமேஜைப் பாதியாக்கும். டாக்ஸிக் முதல் டர்னில் பதினாறில் ஒரு பங்கு, அடுத்து இரண்டு, அடுத்து மூன்று என்று ஏறும். ரெக்கவரி இல்லாதவர் ஆறாவது டர்னைப் பார்த்து உயிரோடு இருக்க மாட்டார்.

ஒரே ஆள் ஸ்வார்ட்ஸ் டான்ஸ் போட்டு ஆறு பேரையும் சாய்க்கும் வீடியோக்கள் பார்க்கிறேன். எனக்கு வருவதில்லையே?

அந்த வீடியோவில் ஸ்வார்ட்ஸ் டான்ஸ் போட்ட டர்னைப் பாருங்கள், எதிரே யார் நிற்கிறார் என்று. நிச்சயம் கையாலாகாத ஒருவர்தான் நிற்பார். செட்அப் என்பதே யார் முன்னால் போடுகிறோம் என்பதில் இருக்கிறது. ஒரு முறை போட்டால் அட்டாக் இரண்டு மடங்கு, இரண்டு முறை போட்டால் மூன்று மடங்கு. ஆனால் அந்த இரண்டு டர்னுக்கும் அடி வாங்க வேண்டுமே.

பாஸின் டீமில் உங்கள் ஆளை ஒன்றும் செய்ய முடியாத ஒருவரைத் தேடுங்கள். சாய்ஸ் ஐட்டம் வைத்துக்கொண்டு உங்களுக்குப் படாத மூவில் மாட்டிக்கொண்டவர் கிடைத்தால் அதிர்ஷ்டம். செட்அப்பைத் தடுக்கும் அல்லது கலைக்கும் டாண்ட், ஹேஸ், ரோர் மூவ்கள், அதைக் கண்டுகொள்ளாத அனவேர் எபிலிட்டி இவை யாரிடம் இருக்கின்றன என்று பார்த்து, அவர்களை முதலில் அகற்றிவிட்டு ஆட ஆரம்பியுங்கள். வேகமும் குறைவாக இருந்தால் ஸ்வார்ட்ஸ் டான்ஸைவிட டிராகன் டான்ஸ் நல்லது, அட்டாக்கோடு ஸ்பீடும் ஒரு படி ஏறும்.

ரிபார்னில் ஃபீல்டு எஃபெக்ட் என்கிறார்களே, அதை எப்படிச் சமாளிப்பது?

சண்டை நடக்கும் இடமே மூவ்களின் வலிமையை மாற்றும். நீர்ப்பரப்பில் எலக்ட்ரிக் மூவ் வலுக்கும், ஃபயர் மூவ் நொண்டும். டைப்புக்கு ஒன்றாகப் பதினெட்டு ஜிம்கள். தங்களுக்குச் சாதகமான ஃபீல்டில் உட்கார்ந்துகொண்டுதான் லீடர்கள் காத்திருப்பார்கள். ஃபீல்டை மாற்றவோ கலைக்கவோ ஒரு மூவ் பெரும்பாலும் இருக்கும். டீம் எடுக்குமுன் அதைத் தேடுங்கள். மாற்ற முடியாவிட்டால் லீடருக்குக் கிடைக்கும் அதே சலுகையை அனுபவிக்கும் ஒருவரை நீங்களும் கூட்டிப்போங்கள்.

இன்ஃபினிட் ஃப்யூஷனில் யாரை யாரோடு சேர்ப்பது?

தலை யார், உடம்பு யார் என்பதில்தான் எல்லாம். ஹெச்பி, ஸ்பெஷல் அட்டாக், ஸ்பெஷல் டிஃபென்ஸ் மூன்றிலும் தலைக்கு மூன்றில் இரண்டு பங்கு. அட்டாக், டிஃபென்ஸ், ஸ்பீடு மூன்றிலும் உடம்புக்கு மூன்றில் இரண்டு பங்கு. டைப்பில் தலையின் முதல் டைப்பும் உடம்பின் இரண்டாவது டைப்பும் சேரும். உடம்புக்கு ஒரே டைப் என்றால் அதுவே வரும்.

கெங்கர் தலை, மசாம்ப் உடம்பு என்று சேர்த்தால் கோஸ்ட், ஃபைட்டிங். இந்த இரண்டு டைப் மூவ்களையும் சேர்த்துத் தாங்குபவர்கள் மிகக் குறைவு, பார்க்கவே ஆசையாக இருக்கும். எண்களைப் பாருங்கள்: அட்டாக் சுமார் 108, ஸ்பெஷல் அட்டாக்கும் சுமார் 108, ஸ்பீடு 73. இரண்டு பக்கமும் அடிக்கலாம், ஆனால் முந்த முடியாது. மாற்றிச் சேர்த்தால் ஃபைட்டிங், பாய்சன். ஸ்பீடு 92-ஐ நெருங்கும், ஆனால் இரண்டு அட்டாக்கும் 87-க்குள் சுருங்கிவிடும். இரண்டில் எனக்கு முதலாவதுதான், டிரிக் ரூமோ தண்டர் வேவோ போட ஆள் இருந்தால். பொதுவாக ஸ்பெஷலாக அடிப்பவரைத் தலையாகவும் வேகமானவரை உடம்பாகவும் வைத்தால் ஏமாற்றம் குறையும்.

டபுள் பேட்டிலில் திணறுகிறேன்.

இருவரும் ஒரே எதிராளியை அடித்து முதலில் எண்ணிக்கையைக் குறையுங்கள். ஃபேக் அவுட்டும் ப்ரொடெக்டும் சிங்கிளைவிட இங்கே பல மடங்கு பயன்படும். எர்த்க்வேக் உங்கள் கூட்டாளியையும் அடிக்கும் என்பதை மறந்துவிட்டுப் போடாதீர்கள். பலரை ஒரே நேரத்தில் அடிக்கும் மூவ்களின் டேமேஜ் நான்கில் மூன்று பங்காகக் குறையும்.

நஸ்லாக் விதியில் ஆடினால் என்ன மாற வேண்டும்?

விழுந்தவர் செத்தவர், ஒரு இடத்தில் முதலில் சந்திப்பவரை மட்டுமே பிடிக்கலாம் என்றாகும்போது, "பெரும்பாலும் தப்பித்துவிடுவார்" என்ற கணக்கு உதவாது. ஒவ்வொரு முடிவுக்கும் முன், இது கிரிட்டிகலாக விழுந்தால் தாங்குவாரா என்று பாருங்கள். ஏழாம் தலைமுறை விதிப்படி வாய்ப்பு 24-இல் 1. ஒரு பாஸ் சண்டையில் இருபது அடி வாங்கினால் அதில் ஒன்றாவது கிரிட்டிகலாக இருக்கும் வாய்ப்பே அதிகம்.

ஒரே பாஸிடம் தோற்றுக்கொண்டே இருக்கிறேன். கிரைண்ட் செய்யவா (சும்மா சண்டை போட்டு லெவல் ஏற்றவா)?

வேண்டாம். கேப் இருக்கும் இடத்தில் கிரைண்டால் ஒன்றும் மாறாது. அடுத்த சண்டையைத் தோற்பதற்கென்றே ஆடுங்கள். ஆறு பேர் யார், யாரிடம் என்ன ஐட்டம், யார் யாரை முந்துகிறார், யார் விழுந்தால் அடுத்து யார் வருகிறார் என்று எழுதிக்கொள்ளுங்கள். பிறகு ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே, அவரைச் சாய்க்கும் உங்கள் ஆளின் பெயரை எழுதுங்கள். எந்தப் பெயருக்கு எதிரே இடம் காலியாக இருக்கிறதோ அதற்கான ஆளை பாக்ஸில் தேடுங்கள். இரண்டு பெயருக்கு எதிரே ஒரே ஆள் இருந்தால் அவரை முதல் சண்டையிலேயே இழந்துவிடாமல் காப்பாற்றுவதுதான் உங்கள் திட்டம்.

ஷோடவுனில் (இணையத்தில் மனிதர்களோடு மோதும் போக்கிமான் சண்டைத் தளம்) ஜெயிக்கும் டீமை அப்படியே கொண்டுவந்தால்?

பாதிதான் ஓடும். அது மனிதர்களுக்கு எதிராகச் செய்த டீம். அடுத்து என்ன வரும் என்று ஊகிக்கும் ஆட்களுக்காக வைத்த மூவ்கள் ஏஐ முன்னால் வீண். மேலும் அந்த டீமில் உள்ள ஐட்டமும் மூவும் உங்களுக்கு எட்டாவது பேட்ஜுக்குப் பிறகுதான் கிடைக்கும் என்றால் முதல் ஜிம்மில் என்ன செய்வீர்கள்? செட்களை (ஒவ்வொருவரின் மூவ், ஐட்டம் சேர்க்கையை) எடுத்துக்கொள்ளுங்கள், ஆறு பேரை நீங்களே அமையுங்கள்.

லீஜண்டரி கிடைத்தால் பிரச்சினை தீர்ந்துவிடுமா?

அது கைக்கு வருவதற்குள் பாஸ்களிடமும் வந்திருக்கும்.